முதல் தளத்து எலி

ஒரு கணினி விளையாட்டின் பாதாளக் குகையில், முதல் தளத்தில் ஓர் எலி இருந்தது. வீரன் அதை நானூற்றுப் பன்னிரண்டாம் முறையாகக் கொன்றான். வழக்கம்போல எலி அதே மூலையில் உயிரோடு எழுந்தது.

“வாளண்ணே, என்னைக் கொன்னா உங்க ஆளுக்கு இன்னுமா பலம் ஏறுது?” என்று வீரன் கையிலிருந்த வாளிடம் எலி கேட்டது.

“அது நின்னு நாலு நாளாச்சு,” என்றது வாள்.

“அப்புறம் ஏன் கீழ்த்தளத்துக்குப் போகாம என் உயிரை வாங்குறாரு?”

“அங்கே என்ன இருக்கோன்னு பயம். இன்னும் கொஞ்சம் தயாராகணுமாம். மன்னிச்சுக்கோப்பா,” என்று சொல்லிக்கொண்டே வாள் எலியை வெட்டியது.

எலிக்குப் பொறுமை போய்விட்டது. மறுபடி எழுந்ததும் வீரனின் கால்களுக்கு நடுவே புகுந்து கீழ்த்தளத்துக்கு ஓடியது. மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு மேலே வந்தது.

“ஐயா, அங்கேயும் ஒரு எலிதான் இருக்கு. வேற யாருமே இல்லை. தைரியமா இறங்குங்க.”

வீரன் முதல் படியில் ஒரு காலை வைத்தான். எலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“அது உன்னைவிடப் பெருசா?” என்று கேட்டான் வீரன்.

எலிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“ஒரு விரல் அளவு பெருசு,” என்றது.

வீரன் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாளை ஓங்கினான்.