நாரையின் வயிறு

லாரி வந்து நின்றதும், ஷெட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் ஓடிப்போய் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு எடுக்க முடியாதுப்பா, வண்டியத் திருப்பிக்க."

சிற்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த இரும்பு நாரை எப்போது தொலையும், என் கார் எப்போது ஷெட்டுக்குள் நிற்கும் என்று ஒரு வருஷமாக அவள் உயிரை எடுத்த மனுஷன்தான் இப்படிப் பேசுகிறார்.

நாரை ஆளுயரம் இருந்தது. கழுத்துக்கு சைக்கிள் செயின், இறக்கைக்குத் தேய்ந்துபோன கரண்டிகள். வயிற்றுத் தகடு ஒன்றுதான் பாக்கி. அதைக் கண்காட்சிக்குப் போய் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

கண்காட்சியின் முன்வாசலையே அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு மூலையைத் தவிர வேறு இடம் கிடைத்ததில்லை. சாயங்காலத்துக்குள் நாரை போய்ச் சேராவிட்டால் வாசல் வேறு ஆளுக்கு.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

அவர் அவள் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிப்போய், நாரையின் வயிற்றில் டார்ச் அடித்துக் காட்டினார்.

நார், நூல், பஞ்சு. நடுவில் நான்கு சிட்டுக்குருவிக் குஞ்சுகள், வாயைப் பிளந்துகொண்டு.

பறவையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதவள் என்று அவளுக்குப் பேர். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாய்க்குருவி வாயில் புழுவோடு உத்தரத்தில் உட்கார்ந்து, வழியை விடுங்கள் என்று இருவரையும் ஏசியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கண்காட்சிக்காரர் போன் செய்தார். நாரை கிளம்பிவிட்டதா என்றார். இல்லை என்றாள். அப்படியானால் வாசலை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

கொடுத்துவிடுங்கள் என்றாள். சொல்லும்போது வலிக்கத்தான் செய்தது. சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

"லாரி வர்றதுக்குள்ள பறந்துடும்னு பாத்தேன்," என்றார் வீட்டுக்காரர், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி. பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தார்.

ஷெட்டின் ஃபியூஸ் கட்டை.

அந்த வயிற்றை மூட அவள் வெல்டிங் மெஷினோடு போனபோதெல்லாம் ஷெட்டில் கரண்ட் இருக்காது. மின்சார ஆபீஸ்காரர்களை அவள் திட்டாத திட்டில்லை.

இவரும் பக்கத்திலேயே நின்று சேர்ந்து திட்டினார்.