கடலுக்கு ஏற்ற சோபா

"படம் ஜோராயிருக்கு. ஆனா எங்காத்து சோபா பச்சையாக்கும். கடலையும் கொஞ்சம் பச்சை பண்ணித் தந்தா போறும்" என்றார் சாம்பசிவன்.

விழிஞ்ஞம் கடலை வரைந்திருந்த சுப்ரியா மசியவில்லை. திருவனந்தபுரத்தில் அவளுடைய முதல் கண்காட்சி அது. இன்றுதான் கடைசி நாள். ஒரு படம்கூட விற்கவில்லை.

"நான் பார்த்த கடல் நீலம், மாமா. ஒரு பொட்டுகூட மாத்த மாட்டேன்."

"வந்த ஒரே ஆளையும் விரட்டறயே! இப்படி இருந்தா எப்படிப் பிழைப்பே?"

"நீங்க வேணும்னா சோபாத் துணியை மாத்துங்கோ. கரமனைப் பாலத்துக்கிட்ட ஒரு கடை இருக்கு. நன்னா தச்சுத் தருவா."

சாம்பசிவன் முறைத்தார். மனைவி ஜெயலக்ஷ்மியோ படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "சரிதான்னா. அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வரது."

படம் கடல் நிறம் மாறாமலே ஸ்ரீவராகத்திலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் இருவரும் கரமனைக் கடைக்குள் நுழைந்தார்கள். குனிந்து துணி மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்த விற்பனைப் பெண் நிமிர்ந்தாள். சுப்ரியா!

"எப்படிப் பிழைப்பேன்னு கேட்டேளே மாமா, இப்படித்தான். உக்காருங்கோ. இங்கே நீங்க எந்த நிறம் கேட்டாலும் மாத்தித் தருவேன்."