ஆறு இருபது வெளிச்சம்

பார்க்க மாட்டேன் என்று சுபத்ரா அடம்பிடித்தாள்.

"ஒரே ஒரு தடவை சுபா. அவ நின்ன எடத்துலேர்ந்து பார்த்துச் சொல்லு, போதும்" என்றார் தயாளன்.

மத்தியானம் மூன்று மணி. மாடி அறையின் ஜன்னல்களில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி இருட்டாக்கியிருந்தார். மேசை நிறைய அவருடைய பொம்மை ரயில் ஓடுகிற சின்ன ஊர். பதினைந்து வருஷமாக மலையும் குகையுமாக இருந்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு, இந்த நான்கு மாதத்தில் இரும்புலியூரை அப்படியே கட்டி வைத்திருந்தார் மனிதர். தண்டவாள வளைவு, சுவர் உடைந்து ஆட்கள் புகுந்து போகிற வழி, டீக்கடை, ரோட்டோரத்தில் உயரக் கம்பத்து ஹைமாஸ்ட் விளக்கு.

தண்டவாளத்தை ஒட்டி, அரை விரல் உயரத்துக்கு ஒரு பெண் பொம்மை. பச்சைச் சுடிதார்.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் சுபத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் வினிதா ரயிலில் அடிபட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. வேலை முடிந்து வந்த பெண், ஊரே குறுக்கே புகுந்து போகிற இடத்தில்தான் புகுந்தாள். போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டு நாகலக்ஷ்மி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "இருபத்திமூணு வயசுப் பொண்ணுக்கு எதுத்தாப்ல வர்ற ரயில் தெரியாதா? உள்ளுக்குள்ள என்ன விவகாரமோ!" பாவி.

அன்றிலிருந்து தயாளனுக்கு ஒரே கேள்வி. தெரிந்து நின்றாளா, தெரியாமல் நின்றாளா?

ஹைமாஸ்ட் வெளிச்சத்தில் மகளுக்குக் கண் கூசியிருக்கும், ரயிலின் விளக்கு அதில் அமுங்கிப்போயிருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு என்ன கணக்கு, வேண்டுதல்! நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்த இடத்தில் புதுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். டிசம்பரில், அவள் அடிபட்ட ஆறு இருபதுக்கு இருட்டிவிடும். இப்போது ஏப்ரலில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் போவதில்லை.

அதனால்தான் இத்தனை பாடு. மேலே கட்டிய நீல விளக்குச் சரத்தைக் குறைப்பார், கூட்டுவார். ரயிலின் கடுகளவு பல்புக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பார், சரியில்லை என்று சுரண்டுவார். எல்லாம் முடிந்து கடைசியில் தானே பார்க்கத் தைரியமில்லை. முட்டி வலி என்று ஒரு சாக்கு.

வேறு வழியில்லாமல் சுபத்ரா மண்டியிட்டு, பொம்மையின் பக்கத்தில் கன்னத்தை வைத்தாள்.

அவர் ஸ்விட்சைப் போட்டார். வானம் மங்கி நீலமானது. டீக்கடையில் ட்யூப்லைட் எரிந்தது. ஹைமாஸ்ட் பளீரென்றது. ஐயோ, அதே சாயங்காலம்.

வளைவில் ரயில் திரும்பியது.

விளக்கு தெரிந்தது. தூரத்திலேயே தெரிந்தது. ஹைமாஸ்ட் அதை ஒன்றுமே செய்யவில்லை. மஞ்சளாக, நேராக, பெரிதாகிக்கொண்டே வந்தது.

"தெரியுதா?"

"இல்லீங்க. ஒண்ணுமே தெரியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். தயாளன் விசும்பிவிட்டார். "எனக்குத் தெரியும், எம்பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் சொன்ன பொய்யே அவருக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. தானும் ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

"வேணாங்க!"

ரயில் மறுபடி சுற்றி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அது மூன்று முறை வந்து போகும்வரை அப்படியே கிடந்தார்.

"பார்த்திருக்கா, சுபா. பார்த்துக்கிட்டேதான் நின்னிருக்கா. நம்மகிட்ட அப்படி என்ன கொறை கண்டா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சுபத்ரா தப்பித்துவிடலாம். தன் போனிலிருந்து அந்த அழைப்பை அன்றைக்கே அழித்தாயிற்று. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பழி மட்டும் செத்துப்போன பெண்ணின் தலையில் விழும்.

"அவ ரயிலைப் பார்க்கலைங்க" என்றாள். "காலைல தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ணாம போயிட்டான்னு நான் அவகிட்ட போன்ல கத்திக்கிட்டிருந்தேன். ஹாரன் சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்பவும் நிறுத்தல."

தயாளன் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"திட்டினா அவ தலையைக் குனிஞ்சுக்குவாளேங்க. போன்ல திட்டினாலும்."