பாக்கி ஒரு வார்த்தை

மகனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு எபனேசரும் சலோமியும் பேசிக்கொள்வது காலையில் இந்த விளையாட்டின்போது மட்டும்தான். கைபேசித் திரையில் ஏழு ஆங்கில எழுத்துகள் வரும்; அவற்றை வைத்து வார்த்தைகள் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் எழுத்து ஒவ்வொரு வார்த்தையிலும் வந்தாக வேண்டும். இருவரும் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவர்கள். காபி ஆறுவதற்குள் எல்லா வார்த்தையும் அகப்பட்டுவிடும். உடனே சலோமி எழுந்து மகனுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பகல் முழுக்க அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து எபனேசர் ஓய்ந்துபோயிருந்தார்.

இன்று ஒரு வார்த்தை பாக்கி என்று திரை காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவர் அதை முதலிலேயே பார்த்துவிட்டார். சொல்லவில்லை.

“தெரியலையா?” என்றாள் சலோமி.

“இல்ல.”

“இத்தன வருஷம் என்னத்த பாடம் நடத்துனீங்களோ.”

“நீயுந்தான நடத்துன. சொல்லேன்.”

அவள் விரல் அந்த வார்த்தையின் முதல் எழுத்தைத் தொட்டது. இரண்டாவதையும் தொட்டது. பிறகு இரண்டையும் அழித்தாள்.

“எனக்கும் தெரியலங்க,” என்றபடி நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டாள்.