மதில் தாண்டும் நத்தை

"அருணா, இங்கிட்டு ஓடியா! மறுபடியும் வந்துருச்சு!"

குணசேகரனின் கீரைத்தொட்டியில் அதே நத்தை. ஓட்டின்மேல் அவர் வைத்த சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு.

"அஞ்சு நாளா விடியக்காலையில மதிலுக்கு அங்கிட்டு விடுறேன். மறுநாள் வந்து நிக்குது. இத்தனூண்டு உசுருக்கு வழி எப்படித் தெரியுது?" அவருக்குப் புல்லரித்தது.

"இனி விரட்டாதீங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

அவர் கீரையைக் கிள்ளி நத்தைக்கு வைத்தார்.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுப் பரிமளாவின் கலங்கிய முகம் தெரிந்தது.

"சார், எங்க துளசி மாடத்துக்கு அம்பாளே நத்தையா வாரா. குங்குமப் பொட்டோட! சோதிச்சுப் பாக்க, தெனமும் பொழுது சாய ஒங்க பக்கம் விடுவேன். காலையில திரும்பி வந்துருவா. சூடம் ஏத்திக் காத்திருக்கேன், இன்னைக்கு மட்டும் காணோமே!"