உதவி வேண்டாம்

கல்லூரி உணவகத்தின் பின்கட்டில் தட்டு கழுவும் இயந்திரம் ஆவி கக்கிக்கொண்டிருக்கிறது. நடுப்பகல் வெளிச்சம் அந்த ஆவிக்குள் பால்போல் கலங்கி நிற்கிறது. ஈரத் தரை முழுக்க உடைந்த கோப்பைகள். ஜூனியர் சீனியரின் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்துகிறான். இருவரும் கடல் கடந்து படிக்க வந்தவர்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு, இந்தப் பின்கட்டில் ஒரே வேலை. சீனியரின் உதடு கிழிந்து ஏப்ரனில் ரத்தம் சொட்டுகிறது. “வேற காலேஜுக்கு மாறும்போது விண்ணப்பத்துல உதவித்தொகை வேணாம்னு போடு, கேட்டா வெளிநாட்டுப் பசங்களச் சேத்துக்க மாட்டாங்கன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க. போட்டேன், சீட்டு குடுத்துட்டாங்க. சேரும்போது கேக்காதவனுக்குப் படிப்பு முடியற வரைக்கும் உதவி கிடையாதாம். எங்கப்பா எதை வித்துக் கட்டுவாரு?” சீனியர் கையைத் தூக்கவே இல்லை. “எனக்கும் இதேதான்டா ஆச்சு. வேணாம்னு போட்டுட்டு, பீஸ் கட்ட வழியில்லாம இங்கயே நின்னுட்டேன்.” காலரைப் பிடித்த கை தளர்கிறது. அதே கை, பாவம் என்று அவன் தோளைத் தொடப் போகிறது. இயந்திரம் நிற்கிறது. அந்த அமைதியில்தான் ஜூனியருக்கு உறைக்கிறது.

“அப்போ தெரிஞ்சேதான் குழி பறிச்சியாடா?”

“நீயும் போயிட்டா நான் யார்கூடடா இருப்பேன்?”

ஜூனியர் அடுக்கிலிருந்து கனத்த பீங்கான் தட்டொன்றை உருவி ஓங்குகிறான். சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறான்.