விரல் படாத மன்னிப்பு

"சத்தியமா சொல்றேன் மச்சான், அந்த மன்னிப்பை எழுதினதும் லேப்டாப்தான், அனுப்பினதும் லேப்டாப்தான். என் விரல் படவே இல்லை!"

சோபா நுனியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த மச்சானின் முகம் வாடியது. அத்தானே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்தவன் அவன்.

"லேப்டாப் மன்னிப்புக் கேட்குதாம்! இத்தனை வருஷமா உங்களுக்கே வராதது அதுக்கு எப்படிங்க வந்துச்சு?" சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி, மச்சானின் அக்காவான அவர் மனைவி சிரித்தாள்.

அவள் நம்பாததில் வியப்பில்லை. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கிடங்கில் பற்றிய தீயை வாயாலேயே ஊதி அணைத்ததாகச் சொல்லிச் சொல்லி, தெருவே அவருக்கு 'ஊதியணைச்சார்' என்று பெயர் வைத்திருந்தது. போன மாதம் அந்தக் கிடங்கு இரண்டு மாடி, இப்போது நாலு.

வம்பு தொடங்கியது ஒரு கீபோர்டில். அவர் தடித்த விரலால் ஓர் எழுத்தைத் தட்டினால் அக்கம்பக்கத்து எழுத்துகளும் கூடவே வந்து நிற்கும். பார்த்தான், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சான். பெரிய பொத்தான் வைத்த வயர்லெஸ் கீபோர்டு ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தான். அதை ஆன் செய்ததுதான் தாமதம், லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் டச்பேடும் மூச்சை நிறுத்திவிட்டன.

"டிரைவர் தகராறு, அத்தான். ரெண்டு கீபோர்டும் ஒரே நாற்காலிக்கு அடிச்சுக்குது. நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்."

"ரெண்டு தீயணைப்பு வண்டிய ஒரே சந்துல திருப்பினவன்டா நான், என்கிட்டயே கதை விடறியா? காயலான் கடைச் சரக்கைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியே!"

அன்று வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் அவர் கத்திய கத்தலில், தீ இருந்திருந்தால் அணைந்தே போயிருக்கும். மச்சான் அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தம்பி வராத வீட்டில் மனைவியின் பேச்சு 'ம்', 'சரி' என்று சுருங்கிப்போனது.

அவள் அந்தக் கீபோர்டை ஆஃப் செய்து எங்கோ எடுத்து வைத்தாள்; லேப்டாப்புக்கு மூச்சு திரும்பியது. அதன் நகத்தளவு ரிசீவர் மட்டும் லேப்டாப்பின் விலாவிலேயே செருகிக் கிடந்தது. அதைப் பிடுங்குகிற விரலா அவருடையது?

அன்றிலிருந்து தினமும் காலையில், "கோபத்துல பேசிட்டேன், வீட்டுக்கு வா மச்சான்" என்று லேப்டாப்பில் தட்டுவார். அனுப்பப் போகும்போது மீசை தடுக்கும். அழித்துவிடுவார்.

இன்று அழிக்கப் போனபோதுதான் அந்த விபரீதம். அழிக்கும் பொத்தானைக் குத்துகிறார், குத்துகிறார், ஓர் எழுத்தும் அசையவில்லை. டச்பேடைத் தோல் உரியத் தேய்த்தும் அம்புக்குறி நகரவில்லை. அவர் கண்ணெதிரே செய்தி விருட்டென்று போய்விட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பாதி உண்மை பேசுகிறார், நம்பத்தான் நாதியில்லை.

"அப்ப நீங்க கூப்பிடலை..." மச்சான் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

அவர், 'நான்தான்டா எழுதினேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார். "அந்த லேப்டாப் இருக்கே, போன வாரம் எனக்கு முன்னாடியே எழுந்து..." என்றுதான் வந்தது.

மனைவியின் சிரிப்பு நின்றது. உள்ளே போனவள், பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து வயர்லெஸ் கீபோர்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அதன் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"உட்காருடா. எழுதினது இவரேதான். தினமும் எழுதி எழுதி அழிக்கறதைப் பின்னால நின்னு பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு" என்றவள், கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அனுப்பறப்போ இவர் விரல் படலைங்கறது மட்டும் நெசம்டா. இதை ஆன் பண்ணி எண்டரைத் தட்டினது நான்!"